ரேம் காலியாக இருந்தால் கணினி பறக்குமா?

"புது விண்டோஸ் ரேமையெல்லாம் தின்னுடுது சார். பழைய 7-ஐயே போட்டுக் குடுத்துடுங்க." பழுதுபார்க்க வரும் மடிக்கணினிகளில் பல இந்தக் கோரிக்கையோடுதான் என் மேசைக்கு வருகின்றன. சிலர், எந்த நிரல் எவ்வளவு ரேமை (ஓடும் நிரல்கள் தங்கும் தற்காலிக நினைவகம்) பிடித்திருக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரையே திறந்து காட்டுவார்கள். ஒரு நிரலும் ஓடாமலே 8 ஜிபியில் 3 ஜிபி போயிருக்கும்.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் கேட்ட குறைந்தபட்ச ரேம் 64 எம்பி. 2009-இல் விண்டோஸ் 7-க்கு 1 ஜிபி, அதன் 64 பிட் பதிப்பு என்றால் 2 ஜிபி. 2021-இல் விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி. இருபது ஆண்டில் 64 மடங்கு! எல்லாமே வீண்செலவு என்று சொல்ல முடியாது. 64 பிட்டில் ஒரு முகவரியைக் குறித்து வைக்கவே 4 பைட்டுக்குப் பதில் 8 பைட் வேண்டும். எக்ஸ்பிக்கும் 7-க்கும் நடுவே வந்த விண்டோஸ் விஸ்டா முதல் ஒவ்வொரு ஜன்னலின் படமும் நினைவகத்தில் தனித்தனியே வரையப்பட்டு, பிறகுதான் திரையில் ஒன்றுசேர்கிறது. வைரஸ் காவலும் இப்போது உள்ளேயே குடியிருக்கிறது.

மீதிப் பாதி, எண்ணைத் தவறாகப் படிப்பதால் வருவது. விஸ்டாவில் வந்த சூப்பர்ஃபெட்ச், நாம் அடிக்கடி திறப்பவற்றைக் கவனித்து முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைத்தது. 'ஃப்ரீ' என்ற இடத்தில் பூஜ்யத்தை ஒட்டிய எண்ணைப் பார்த்து அன்று பலர் பதறினார்கள்; நானும்தான். ஆனால் வேறு நிரல் கேட்டால் அந்த இடம் உடனே கைமாறிவிடும். விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸிலும் இதே கதை. அங்கே 'ஃப்ரீ' பத்தியை விட்டுவிட்டு 'அவெய்லபிள்' பத்தியைப் பார்க்க வேண்டும். உண்மையில் பயன்பாட்டில் இருக்கும் அளவுகூட நிலையானதல்ல. ஒரே விண்டோஸ் 4 ஜிபி கணினியில் சிக்கனமாக இருக்கும், 16 ஜிபியில் கொஞ்சம் தாராளமாகவே பரப்பிக்கொள்ளும். 2015-இல் வந்த விண்டோஸ் 10, இடம் நெருக்கினால் ரேமில் இருப்பதையே சுருக்கி வைக்கவும் கற்றுக்கொண்டது.

இது தெரியாமல் 'ரேம் கிளீனர்' நிறுவுகிறார்கள். அது ஓடும் நிரல்களின் பக்கங்களை (ரேமில் இருக்கும் துண்டுகளை) ரேமுக்கு வெளியே தள்ளுகிறது, எண் இறங்குகிறது, மனம் குளிர்கிறது. அடுத்த சொடுக்கில் அதே பக்கங்கள் திரும்பி வந்தாக வேண்டும். நான் முதலில் நீக்குவது அதைத்தான்.

அப்படியானால் ஏன் மந்தம்? நான் பார்த்தவரை பெரும்பாலும் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். ஒருவர் ரேமை இரட்டிப்பாக்கிக்கொண்டு போய், அதே புகாரோடு திரும்பி வந்தார். ரேமில் பாதி சும்மா கிடந்தது. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி எடுக்கும். தகவலைப் படிக்கும் முனை நகரும் நேரம் வேறு. சிதறிக் கிடக்கும் கோப்புகளை வினாடிக்கு நூறு தடவை போலத்தான் எட்டிப் பார்க்க முடியும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதையே பல்லாயிரம் தடவை செய்யும். அப்டேட், தேடல் அட்டவணை, வைரஸ் சோதனை எல்லாம் பின்னணியில் ஒன்றாகக் கிளம்பும் இன்றைய இயங்குதளத்துக்குச் சுழலும் தட்டு ஈடுகொடுப்பதில்லை. எக்ஸ்பிக்கு அந்த வேலைகளே குறைவு.

வேகத்தை ஒப்பிடுபவர்கள் இன்னொன்றிலும் ஏமாறுகிறார்கள். பழைய விண்டோஸை ஃபார்மட் அடித்துப் புதிதாகப் போட்டு, ஐந்து வருடக் குப்பை சேர்ந்த புதிய விண்டோஸோடு ஓட விடுகிறார்கள். எதிர்த்திசையிலும் ஒரு மாயை உண்டு. விண்டோஸ் 8 முதல் 'ஷட் டவுன்' கொடுத்தால் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் முழுதாக அணைவதில்லை. அதன் நிலை டிஸ்க்கில் எழுதப்பட்டு, மறுபடி அப்படியே ஏற்றப்படுவதால் தொடக்கம் வேகமாகத் தெரிகிறது. தொடக்க நேரத்தை அளக்க 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். "தினமும் அணைக்கிறேன்" என்பவரின் டாஸ்க் மேனேஜரில் 'அப் டைம்' (தொடர்ந்து ஓடிய நேரம்) பல நாட்களைக் காட்டுவதும் இதனால்தான்.

பழைய 7-க்கே திரும்பலாமா? 2020 ஜனவரி 14-உடன் அதற்கான பொது ஆதரவு நின்றது. குரோம் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை தீநிரல் பரவியபோது, விண்டோஸ் 7-க்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது; போடாதவர்கள் மாட்டினார்கள். இன்று 7-ஐ வைத்திருப்பவருக்குப் போட்டுக்கொள்ளத் திருத்தமே வருவதில்லை. தவிர, ரேமை அதிகம் கேட்பது பிரவுசர்தான். கீழே எந்த விண்டோஸ் இருந்தாலும் அதன் பசி மாறாது.

ரேம் உண்மையிலேயே போதாத கணினிகளும் உண்டு. வழக்கமான வேலையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் 'கமிட்டட்' என்ற இடத்தைப் பாருங்கள். முதல் எண் (நிரல்கள் கேட்டிருப்பது) இரண்டாவதை (தர முடிந்த உச்சத்தை) நெருங்கி, ஜன்னல் மாற்றும்போதெல்லாம் டிஸ்க் திணறினால் ரேம் வாங்கத்தான் வேண்டும். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி என்பது ஏட்டில் சரி. பிரவுசரும் சேர்ந்தால் நான் பரிந்துரைக்க மாட்டேன். ரேம் கூட்டவே வழியில்லாத 2 ஜிபி கணினி என்றால், எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி போன்ற எடை குறைந்த திரை முகப்புடன், திருத்தங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கும் ஒரு லினக்ஸைப் போட்டுக் கொடுக்கிறேன். போடுவதற்கு முன் பிரிண்டர் அதில் ஓடுகிறதா என்று மட்டும் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிடுவேன்.