ஸ்வீடனின் 'டென்': தகரமா, வெள்ளீயமா?

ஸ்காண்டிநேவிய ஏலப் பட்டியல் தமிழுக்கு வரும்போதெல்லாம் 'ஸ்வென்ஸ்க்ட் டென்' என்பது 'ஸ்வீடன் தகரம்' ஆகிவிடுகிறது. எஸ்ட்ரிட் எரிக்சன் 1924இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் அது. அங்கே வார்த்த பூச்சாடியைத் தகரம் என்றால் எண்ணெய் டின்தான் கண்முன் வரும்.

டென் என்பது ஸ்வீடிஷில் வெள்ளீயத்துக்கும் வெள்ளீயக் கலவைக்கும் பொதுச்சொல். கலவைக்கு ஆங்கிலம் பழைய பிரெஞ்சு வழிவந்த 'பியூட்டர்' என்ற தனிச்சொல்லை வைத்திருக்கிறது. இன்றைய கலவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெள்ளீயம். உறுதிக்காகக் கொஞ்சம் ஆன்டிமனியும் செம்பும்.

அகராதியில் தகரத்துக்கு வெள்ளீயம் என்ற பொருளும் உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் கடைத்தெருவில் தகரம் என்றால் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. பொருள் நகர்ந்துபோன சொல்லை அகராதியைக் காட்டி இழுத்துவர முடியாது.

'ஈயக் கலவை' இதைவிட மோசம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம்தான். 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால்தான் அதை வெறுமையாக அடுப்பில் வைப்பதில்லை. ஆனால் பாடநூலிலும் செய்தியிலும் வெறும் 'ஈயம்' இன்று காரீயம், அதாவது நச்சுத்தன்மையுள்ள 'லெட்'. ஈயத்தைப் பார்த்து இளித்த பித்தளைக்கு அது எந்த ஈயம் என்ற கவலை இல்லை. பணம் கட்டுபவருக்கு உண்டு. டென்மார்க்கின் உலோகக் கலைஞர் யுஸ்ட் ஆண்டர்சன் கலைப்பொருள்களை வெள்ளீயக் கலவையிலும் செய்தார், 'டிஸ்கோ' என்ற உலோகத்திலும் செய்தார். டிஸ்கோ காரீயமும் ஆன்டிமனியும் சேர்ந்தது. அவர் பிறந்த கிரீன்லாந்தின் டிஸ்கோ விரிகுடாவால் வந்த பெயர், ஆட்டத்துக்குத் தொடர்பில்லை. பச்சை, பழுப்பு நிறமேற்றியிருப்பதால் வெண்கலம் என்று ஏமாறுவோர் பலர். அடிப்பக்கத் தேய்மானத்தில் சாம்பல் நிறம் தெரிகிறதா, மாதிரி எண்ணுக்கு முன் 'டி' (D) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டென், டிஸ்கோ இரண்டையும் 'ஈயக் கலவை' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், உணவு வைக்கலாமா கூடாதா என்ற கேள்வியையே அழித்துவிடுகிறார்.

ஆகவே டென்னுக்கு 'வெள்ளீயக் கலவை', டிஸ்கோவுக்குக் 'காரீயக் கலவை'. 'பியூட்டர்' என்றே எழுதினாலும் குற்றமில்லை, தகரத்துக்கு அது எவ்வளவோ மேல். ஸ்வீடிஷ் முத்திரையின் ஆண்டுக்குறிகளையும் (ஏ8 என்றால் 1927, ஏ9 என்றால் 1951) சிலர் மாதிரி எண் என்று பெயர்க்கிறார்கள்; குறியை அப்படியே விட்டு, பக்கத்தில் ஆண்டைப் போடலாம். ஸ்வென்ஸ்க்ட் டென் என்ற பெயரை மொழிபெயர்க்கவே வேண்டாம்.