சானியாவின் மணிக்கட்டைப் பற்றியும் பேசுங்கள்

நோவோடு டென்னிஸ் விளையாடிவிட்டு இந்த மாதத்தில் என்னிடம் வரும் மூன்றாவது பிள்ளை இது. வெள்ளவத்தையிலிருந்து வந்த 13 வயதுக்காரி, வலது மணிக்கட்டில் பாண்டேஜ். எட்டு வாரமாக நோ. எட்டு வாரமும் விளையாடியிருக்கிறாள். "சானியாவும் நோவோடதானே மிஸ் விளையாடி மேல வந்தவ?" என்று அம்மா கேட்டார்.

பிள்ளை முன்னால் கோபத்தைக் காட்டவில்லை. இங்கே சொல்கிறேன்.

இந்திய டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சா 2007இல் ஒற்றையர் தரவரிசையில் 27ஆம் இடம் வரை போனார். அதற்கு மேல் போகவே இல்லை. 2008இல் வலது மணிக்கட்டில் சத்திரசிகிச்சை. அதே வருடம் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் முதல் சுற்றையே மணிக்கட்டு வலியால் பாதியில் விட்டார். 2013இல் ஒற்றையர் ஆட்டத்தையே கைவிட்டார். பிறகு 2015இல் இரட்டையரில் உலக முதலிடம், மொத்தம் ஆறு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள், 2023 பெப்ரவரியில் டுபாயில் விடைபெற்றது, எல்லாம் உண்மை. அவருடைய மனஉறுதிக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் இரட்டையரில் கோர்ட்டின் பாதியைத் துணை ஆட்டக்காரி பார்த்துக்கொள்வார். நோவோடு விளையாடியதால் அவர் மேலே வந்தார் என்று எந்த வாயால் சொல்கிறோம்? அந்த நோதானே ஒற்றையரை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது!

"நோக நோகத்தான் பலம் வரும்" என்ற பேச்சுக்கு வருவோம். புதிதாகப் பயிற்சி செய்தால் தசை உளையும். பரவலாக உளையும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். அதைத்தான் பெரியவர்கள் மனதில் வைத்துப் பேசுகிறார்கள். ஒரு விரலால் தொட்டு "இங்கதான்" என்று பிள்ளை காட்டும் நோ அந்த ரகமே இல்லை. 13 வயதில் மணிக்கட்டு எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீண்டு வளரும் இடம், இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். பெரியவருக்குத் தசைநார் சுளுக்கும் இடத்தில், பிள்ளைக்கு அந்தத் தட்டுதான் முதலில் அடிவாங்கும். ஓய்வு கொடுக்காவிட்டால் எலும்பின் வளர்ச்சியே கெடலாம். "எக்ஸ்ரேயில ஒண்டும் இல்லையே" என்பார்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் இருக்கும், அம்மா.

ரக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அப்பாவின் பழையது. பிடி அவள் கைக்குத் தடிப்பு, பாரமும் கூட. இதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

அமெரிக்க வீராங்கனை ஜெனிபர் கப்ரியாட்டி 1990இல் 14 வயது நிறையும் முன்பே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர். சில வருடங்களிலேயே களைத்துப்போய் ஒதுங்கினார். 1995 முதல் மகளிர் டென்னிஸ் சங்கத்தில் வயது விதி இருக்கிறது: 14க்குக் கீழ் தொழில்முறைப் போட்டியே இல்லை, 18 வரை போட்டிகளை எண்ணித்தான் கொடுப்பார்கள். நாங்கள் என்ன செய்கிறோம்? ஒரே வாரக்கடைசியில் இரண்டு வெவ்வேறு வயதுப் பிரிவுகளில் இறக்குகிறோம்.

பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணிநேரத்துக்கு மேல் வேண்டாம். ஒரு நாளாவது முழு ஓய்வு. கையை ஊன்றி எழும்பும்போது நோகுதா, வீங்குதா, இரவில் நோகுதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் அன்றைக்கே ரக்கெட்டை வைத்துவிட்டுக் கூட்டி வாருங்கள். வலிமாத்திரை போட்டு மட்ச்சுக்கு அனுப்பவே வேண்டாம்.

ஆறு வாரம் ரக்கெட் தொடக்கூடாது என்றதும் பிள்ளை அழுதுவிட்டாள். ஓடலாமா என்று கேட்டாள். தாராளமாக ஓடலாம் என்றேன். அம்மா, அந்த ஆறு வாரத்தையும் அவளுக்குக் கொடுங்கள். ஐந்தாவது வாரத்தில் போட்டி வரும், எனக்குத் தெரியும்.