முகப்பை வெட்டி ஃபிரேம் போடும் முன்

பாட்டும் கேளிக்கையும் நடந்த பழைய லண்டன் ‘மியூசிக் ஹால்’ அரங்குகளின் காலத்தில், பாட்டை இசைக்குறிப்போடு அச்சிட்டு விற்ற படம் போட்ட இசைத்தாள்கள் இன்று விற்பனைக்கு வரும்போது, பல சமயம் வெறும் முகப்புதான் வருகிறது. சுவரில் மாட்டப் படம் போதும் என்று யாரோ மடிப்பில் கத்தி வைத்திருப்பார்கள். உள்ளே இருந்த இசைக்குறிப்புப் பக்கங்கள் குப்பைக்குப் போயிருக்கும். தாளின் வயதைச் சொல்லும் சாட்சிகளில் பாதி அந்தப் பக்கங்களில்தான் இருந்தன.

இந்தத் தாள்களில் ஆண்டு போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. பழைய பாட்டு என்று தெரிந்தால் விற்காது என்பது பதிப்பாளர்கள் கணக்கு. அதனால் ஆண்டைச் சுற்றி வளைத்துத்தான் பிடிக்க வேண்டும். இசைப் பக்கங்களின் அடியில் உள்ள தகட்டு எண், அதாவது அச்சுத் தகட்டுக்குப் பதிப்பாளர் கொடுத்த எண், ஒரு தடயம். கடைசிப் பக்கத்தில் அதே பதிப்பாளரின் மற்ற பாடல்கள் விளம்பரமாக இருந்தால், அதில் மிகப் புதிய பாட்டு எதுவோ அதற்கு முன் இந்தப் பிரதி அச்சாகியிருக்க முடியாது. முகவரியும் உதவும். லண்டன் அஞ்சல் வட்டார எழுத்துகள் 1857-58இல் வந்தவை. அவற்றோடு எண் சேர்ந்தது 1917இல். ‘டபிள்யூ.சி. 2’ என்று இருந்தால், படம் எவ்வளவு பழையதாகத் தெரிந்தாலும் அது பிந்தைய மறுபதிப்பு. ஃபிரான்சிஸ், டே அண்ட் ஹன்டர் பதிப்பு நிறுவனத்தின் பெயரோடு 142, சேரிங் கிராஸ் சாலை என்றிருந்தால் 1897க்கு முன் போக வேண்டாம். ‘ஷாம்பெயின் சார்லி’ 1866ஆம் ஆண்டுப் பாட்டு, ஜார்ஜ் லேபோர்ன் பாடியது, முகப்பு ஆல்ஃபிரட் கான்கானென் வரைந்தது. அதற்காக அந்தப் படம் உள்ள எல்லாப் பிரதியிலும் 1866 என்று எழுதிவிடக் கூடாது. நன்றாக ஓடிய பாட்டுகளை மறுபடி மறுபடி அச்சிட்டார்கள்.

அடி ஓரத்தைக் கவனமாகப் பாருங்கள். அந்தக் காலத்துப் பியானோ வீடுகளில் பிடித்த பாட்டுகளைச் சேர்த்துத் தடித்த தொகுதியாகத் தைத்து வைப்பார்கள். தைப்பவர் ஓரங்களைச் சமமாக வெட்டும்போது கான்கானென், பிரான்டர்ட் போன்ற முகப்பு ஓவியர்களின் கையொப்பமும், ஸ்டானார்ட், ஹான்ஹார்ட் போன்ற அச்சகங்களின் பெயரும் போய்விடும். முழுத்தாள் சுமார் 35 × 25 செ.மீ. இருக்கும். உயரம் 33க்குக் கீழே, இடது ஓரத்தில் ஊசித் துளைகள் என்றால் வெட்டுப்பட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அசலா, பின்னாளைய நகலா என்பதற்குப் பத்து மடங்கு லென்ஸ் போதும். இந்த முகப்புகள் கல்லில் வரைந்து அச்சிட்டவை; அந்தக் கல்லச்சில் நிழல் பகுதி கிரேயான் தேய்த்ததுபோல் ஒழுங்கற்ற மணிமணியாக இருக்கும். கையால் வைத்த புள்ளிகளும் ஒன்றைப்போல் ஒன்று இராது. நவீன ஆஃப்செட் நகலில் ஒரே இடைவெளியில் புள்ளிகள் வரிசை கட்டி, சிறு பூ வட்டங்களாகத் தெரியும். சந்தேகம் என்றால் கன்னம், உதட்டுச் சிவப்பைப் பாருங்கள். தனிக் கல்லில் அடித்த சிவப்பு பல பிரதிகளில் அரை மில்லிமீட்டர் நகர்ந்து உதட்டுக்கு வெளியே நிற்கும். கையால் தீட்டியதில் தூரிகை கோட்டைத் தாண்டியிருக்கும். கருத்த இடங்களில் வேலம்பிசின் பளபளப்பு இருந்தால் ஈரத்துணி பக்கத்திலேயே வரக்கூடாது, அது கரைந்துவிடும். பழுப்பு போக ‘குளிப்பாட்டலாம்’ என்று சொல்பவர்களுக்கும் இதுதான் பதில். கடை முத்திரையின் ஊதா மையும் பழைய உரிமையாளரின் பேனா மையும்கூட ஓடும்.

கிழிசல் எப்போதும் ஒரே மாதிரிதான்: மடிப்பு கீழிருந்து மேலாகப் பிரியும், பக்கம் புரட்டிப் புரட்டி வலது கீழ் மூலை நைந்துபோகும். அங்கே செல்லோடேப் ஒட்டுவதைப்போல் கெடுதல் வேறில்லை. அதன் ரப்பர் பசை முதலில் மஞ்சளாகும், பிறகு எண்ணெய்க் கறையாகத் தாளில் இறங்கிப் படப்பக்கம் வரை ஊறும். பிளாஸ்டிக் தானே உதிர்ந்த பிறகும் கறை நிற்கும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், ஆவணப் பாதுகாப்பாளரிடம் கொடுங்கள்.

புதிய கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியக் கோசோ தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் போதும். வீட்டு மைதாப் பசை வேண்டாம். அதிலுள்ள புரதம் பூச்சிக்கு விருந்து. எட்டு மில்லிமீட்டர் அகலப் பட்டையைக் கத்தரிக்காமல், ஈரக்கோடு இழுத்துக் கையால் பிய்த்தால் ஓரத்தில் நார் நிற்கும், ஒட்டு கண்ணில் படாது. பசையைக் கொஞ்சமாகத் தடவி, படத்துக்குப் பின்பக்கம் மட்டும் ஒட்டி, ஒற்றுத்தாள் வைத்துப் பாரம் ஏற்றிக் காயவிடுங்கள். தடித்த தாள் வைத்தால் ஒட்டு தாங்கும், ஆனால் அதற்குப் பக்கத்திலேயே அசல் தாள் கிழியும். மரக்கூழ் கலந்த பிற்காலத் தாள்களுக்கு அந்த இழுப்பைத் தாங்கும் பலம் கிடையாது.

வைப்பதற்கு பிவிசி உறை கூடாது, பாலியஸ்டர் உறையும் அமிலமற்ற அட்டைப் பெட்டியும் சரி. ஈரப்பதம் 45-55 சதவீதம் போதும். 65ஐத் தாண்டினால் பூஞ்சை.

மாட்டியே தீர வேண்டும் என்றால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, அசல் அளவில் அச்சிட்டு அதை மாட்டுங்கள். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அசலே வேண்டும் என்பவர்கள் உள்பக்கங்களோடு மடித்தபடியே அமிலமற்ற மவுண்டுக்குள் (ஃபிரேமுக்குள் படத்தைத் தாங்கும் அட்டை) வைத்து, மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் கீல்களால் தொங்கவிடலாம். வெளிச்சம் 50 லக்ஸ், அதுவும் சில மாதங்களுக்கே. ஃபிரேம் கடையில் சூடேற்றி அட்டையில் ஒட்டும் முறைக்கும், பின்னால் அடிக்கும் பிளைவுட்டுக்கும் இடம் தராதீர்கள்.

இணையத்தில் வாங்குகிறவர்கள் பணம் அனுப்பும் முன் கடைசிப் பக்கத்தின் படத்தையும், அடி ஓரத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படத்தையும் கேளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பிரிட்டிஷ் நூலகத்தின் இசைத் தொகுப்பும், ரெடிங் பல்கலைக்கழகத்தின் ஸ்பெல்மன் முகப்புத் தொகுப்பும் இருக்கின்றன.