ஆங்கிலத்தில் யாரும் சும்மா நடப்பதில்லை

ஆங்கிலக் கதைகளில் வருகிறவர்கள் வெறுமனே நடப்பது அபூர்வம். ஆற அமர உலாவினால் ‘ஸ்ட்ரோல்’. அதையே கொஞ்சம் மிதப்போடு செய்தால் ‘ஸாண்டர்’. களைத்துப்போய்க் காலை இழுத்து இழுத்து வைத்தால் ‘ட்ரட்ஜ்’, நொண்டினால் ‘லிம்ப்’, வாத்துபோல் ஆடி அசைந்தால் ‘வாடில்’, நுனிக்காலில் போனால் ‘டிப்டோ’. நடை, ஓட்டம், தாவல் எல்லாவற்றையும் சேர்த்தால் இந்த வகை வினைகள் நூறைத் தாண்டும்.

கண்ட இடத்திலெல்லாம் கடன் வாங்கிய மொழி, அதனால்தான் இத்தனை சொல் என்று பலர் சொல்வார்கள். பொய்யில்லை. ‘ஆம்பிள்’ லத்தீனில் கிளம்பி பிரெஞ்சு வழியாக வந்தது. குதிரையின் மென்னடைக்கு வழங்கிய சொல் அது. ‘ட்ரெக்’ தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது, மாட்டு வண்டி கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போன காலத்துச் சொல். ‘ஸஃபாரி’ சுவாஹிலி, அதற்கு வேர் அரபியில். சுற்றி வளைந்து போவதைக் குறிக்கும் ‘மீயாண்டர்’ இன்றைய துருக்கியில் ஓடும் ஆறு ஒன்றின் பழைய பெயர். ‘கம்யூட்’ கதை இன்னும் வேடிக்கை. அந்தக் கால அமெரிக்க ரயில்களில் தினமும் போய்வருகிறவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்து சீசன் டிக்கெட் கொடுத்தார்கள். அந்தக் கட்டணக் குறைப்பின் பெயர்தான் பயணத்துக்கே பெயராகிவிட்டது.

ஆனால் வந்த சொல் நிலைத்து நிற்க வாக்கியத்தில் அதற்கு இடம் வேண்டுமே. எனக்கு அந்த இடம்தான் சொற்களின் பிறப்புக் கதைகளைவிடச் சுவாரசியமாகப் படுகிறது.

அமெரிக்க மொழியியலாளர் லெனர்ட் டால்மி 1985இல் வெளியான கட்டுரையில் இதைப் பிரித்துக் காட்டினார். ஒன்று நகர்கிறது என்றால் அதில் சொல்வதற்கு இரண்டு சேதிகள் இருக்கின்றன. உள்ளேயா, வெளியேயா, குறுக்கேயா என்பது பாதை. மிதந்தா, உருண்டா, நொண்டியா என்பது பாங்கு. ஒரு பாட்டில் மிதந்தபடி குகைக்குள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலம் ‘த பாட்டில் ஃப்ளோட்டட் இன்டு த கேவ்’ என்னும். வினை மிதத்தலுக்குப் போய்விட்டது. உள்ளே போன சேதியை ‘இன்டு’ என்ற துக்கடாச் சொல் சுமக்கிறது. ஸ்பானிஷில் இது தலைகீழ். ‘நுழைந்தது’ என்பதுதான் வினை; ‘மிதந்தபடி’ என்பது வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சொல்லாமல் விட்டாலும் குற்றமில்லை.

இன்டு, அவுட், அக்ராஸ், டவுன் என்று பாதையைச் சுமக்க ஆள் இருப்பதால் ஆங்கிலத்தில் வினையின் இருக்கை எப்போதும் காலி. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். ‘ரம்பிள்’ என்பது வெறும் உறுமல் ஓசை. பின்னால் ‘டவுன் த ரோட்’ என்று சேர்த்துவிட்டால் லாரி உறுமிக்கொண்டே தெருவில் போய்விடும். ‘எல்போ’ முழங்கை, கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னேறுவதற்கும் அதையே வினையாக்கிக்கொள்கிறார்கள்.

தமிழ் இந்த விஷயத்தில் ஸ்பானிஷ் பக்கம். ஏறு, இறங்கு, நுழை, கட, வெளியேறு என்று பாதை நம் வினைக்குள்ளேயே இருக்கிறது. பாங்கைச் சொல்ல வினையெச்சம் இருக்கிறது: நொண்டிக்கொண்டே வந்தான், தவழ்ந்து போனது. நமக்குச் சொல்வளம் குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விடுவிடுவென்று, குடுகுடுவென்று, தத்தித் தத்தி, தட்டுத் தடுமாறி என்று நம்மிடமும் வண்டி வண்டியாக இருக்கிறது. வித்தியாசம் வேறு. ‘விடுவிடுவென்று போனான்’ என்பதில் ‘விடுவிடுவென்று’வை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும். ஆங்கில வாக்கியத்திலிருந்து ‘ட்ரட்ஜ்’ஐ உருவினால் வினையே இல்லாமல் போகும். நாம் விரும்பினால் மட்டும் சேர்த்துக்கொள்வது அவர்களுக்கு இலக்கண வசதியாகவே கிடைத்துவிடுகிறது.

இதைப் பேச்சிலேயே பார்க்க முடிகிறது. அமெரிக்க உளமொழியியலாளர் டான் ஸ்லோபினும் கூட்டாளிகளும் ஒரு சொல்கூட இல்லாத படக்கதையைப் பல மொழிக்காரர்களிடம் கொடுத்துக் கதை சொல்லச் சொன்னார்கள். ஒரு படத்தில் மரப்பொந்திலிருந்து ஆந்தை கிளம்புகிறது. ஸ்பானிஷ்காரர்கள் பெரும்பாலும் ‘ஆந்தை வெளியே வந்தது’ என்று முடித்துக்கொண்டார்கள். ஆங்கிலக்காரர்கள் பலருக்கு அது பறந்து வந்தது, இல்லையென்றால் ‘பாப்ட் அவுட்’, அதாவது படக்கென்று எட்டிக் குதித்தது. ஸ்பானிஷ்காரர் கண்ணில் சிறகே படவில்லை என்று இதற்குப் பொருள் சொன்னால் அது அவசர முடிவு. பார்த்ததில் எது வாயில் வருகிறது என்பதுதான் இங்கே தெரிகிறது.

நகர்வைப் பிரிப்பதில் மொழி தன் இஷ்டத்துக்குக் கோடு போட முடியாத ஓர் இடமும் உண்டு. நடக்கும்போது ஒரு காலாவது தரையில் இருக்கும். விறைத்து நிற்கும் அந்தக் காலின்மேல் உடல் வில்போல வளைந்து ஏறி இறங்குகிறது. இது தலைகீழ் ஊசல். வேகம் கூடக் கூட, உடலை அந்த வளைவிலேயே பிடித்துவைக்கப் புவியீர்ப்பு போதாமல் போகிறது. 90 சென்டிமீட்டர் கால் உள்ளவருக்குக் கணக்குப்படி எல்லை வினாடிக்குச் சுமார் 3 மீட்டர். நிஜத்தில் 2 மீட்டரை எட்டும்போதே, அதாவது மணிக்கு 7 கிலோமீட்டர் வாக்கில், யாரும் சொல்லாமலே ஓட ஆரம்பித்துவிடுகிறோம். ஓட்டத்தில் கால் ஸ்பிரிங்காகிறது. ஒவ்வோர் அடிக்கும் நடுவே இரண்டு காலும் அந்தரத்தில்.

2008இல் வெளியான ஓர் ஆய்வில், டிரெட்மில்லில் வெவ்வேறு வேகத்திலும் சரிவிலும் ஒருவர் போகும் வீடியோக்களை ஆங்கிலம், டச்சு, ஸ்பானிஷ், ஜப்பானியம் பேசுகிறவர்களுக்குக் காட்டி, இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். நான்கு மொழியிலும் நடைச்சொல் நின்று ஓட்டச்சொல் தொடங்கிய இடம், கால்கள் ஊசலிலிருந்து ஸ்பிரிங்குக்கு மாறிய அதே இடம்.

அந்தக் கோட்டின்மேலேயே ஒரு விளையாட்டு நடக்கிறது. ஒலிம்பிக் நடைப் போட்டியில் முன்னணி வீரர்கள் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தொடுகிறார்கள். இடுப்பைச் சுழற்றி அடியை நீட்டித்தான் அந்த வேகத்தைப் பிடிக்கிறார்கள். கால் தரையை விட்டது மனிதக் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே தவறு என்கிறது விதி. அதிவேகக் கேமராவில் பார்த்தால் பலர் சில பத்து மில்லிசெகண்டு அந்தரத்தில்தான் இருக்கிறார்கள்.