20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய குழந்தை

போன மாதம் ஒரு தம்பதி என் அலுவலகத்துக்கு வந்தார்கள். மனைவியின் தோளில் நாலு வயதுப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். கணவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து 20 ரூபாய் முத்திரைத்தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "குழந்தையை முழு மனதோடு ஒப்படைக்கிறேன்" என்று நாலு வரி, பெற்றவளின் கைரேகை, நோட்டரி முத்திரை. தகப்பன் கையெழுத்து இல்லை. நடுவில் ஒரு புரோக்கர் பணமும் வாங்கியிருக்கிறார்.

"இதை வச்சு ஸ்கூல்ல சேர்க்கலாம்தானே சார்?"

முடியாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

தெரிந்தவர்களுக்குள் நேரடியாகத் தத்துக் கொடுப்பதே குற்றம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் அதை அனுமதிக்கிறது. பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடக்கம். பெற்ற தாய், தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும். குழந்தைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது. மகன் இருப்பவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது, மகளுக்கும் அப்படித்தான்.

சட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? பெற்றவர்கள் குழந்தையைக் கொடுக்க, வளர்க்கப் போகிறவர்கள் வாங்கிக்கொள்ளும் அந்தச் செயலில். ஹோமம் கட்டாயமில்லை. ஆனால் கொடுத்து வாங்கியது நடந்தே ஆக வேண்டும். நாலு பேர் சாட்சியோடு, போட்டோவோடு நடப்பது நல்லது. அப்புறம் இரு தரப்பும் கையெழுத்திட்ட தத்துப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். பதிவான பத்திரம் இருந்தால் தத்து முறைப்படி நடந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். நாளைக்குச் சொத்துத் தகராறு என்று சித்தப்பாவோ அத்தையோ வந்து நின்றால் குழந்தையைக் காப்பாற்றுவது அந்தப் பத்திரம்தான். முறையாக நடந்த தத்தை இரு தரப்பும் பின்னால் ரத்து செய்ய முடியாது.

பணம் கைமாறினால் கதையே வேறு. குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 5 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். மருத்துவமனைக்காரர்கள் செய்தால் 3 முதல் 7 ஆண்டு. பிறப்புச் சான்றிதழிலேயே உங்கள் பெயரைப் போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள்.

வளர்க்க முடியாத தாய், மாவட்டத்தில் அரசு அமைத்திருக்கும் குழந்தைகள் நலக் குழுவிடம் குழந்தையை ஒப்படைக்கலாம். மனம் மாற அவளுக்கு 2 மாதம் அவகாசம் உண்டு. அந்தக் குழந்தைகளை மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான 'காரா' வழியாக எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம்.

அந்தத் தம்பதியிடம், நாமே குழுவிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்றேன். மறுநாள் காலை மூவரும் என்னோடு வந்தார்கள். அங்கே கேட்ட முதல் கேள்வி, பெற்றவள் எங்கே என்பதுதான்.