ஆய்வறிக்கை நின்றுபோன பங்கு: எதற்குப் புகார் செய்யலாம், எதற்கு முடியாது

கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தரகு நிறுவனம் ஒன்று ‘வாங்கலாம்’ என்று எழுதிய அறிக்கையை நம்பி, நெல் விற்ற பணத்தை ஒரு சிறு நிறுவனப் பங்கில் போட்டார். சில மாதங்களில் அவர்கள் அப்பங்கைப் பற்றி எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள், விலையும் இறங்கியது. கிளையில் கேட்டால் தலைமை அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே, ‘கிளை மேலாளர் வழியாக வாருங்கள் ஐயா’ என்றார்கள். எல்லாம் தொலைபேசியிலேயே நடந்ததால், ஒன்றரை ஆண்டு அலைந்த பிறகும் அவர் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

ஒரு பங்கை ஆய்வு செய்வதும் நிறுத்துவதும் தரகு நிறுவனத்தின் வியாபார முடிவு. பெரிய நிதியங்கள் வாங்கி விற்கும் பங்குகளில்தான் தரகு வருமானம் சேரும். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியைப் பலர் ஆய்வு செய்வதும், நாளுக்குச் சில நூறு பங்குகளே கைமாறும் நிறுவனத்தை எவரும் சீண்டாததும் அதனால்தான். ஆய்வாளர் வேலை மாறினாலும் அறிக்கை நின்றுபோகும். ஆகவே ‘நிறுத்திவிட்டார்கள், நஷ்டமாகிவிட்டது’ என்று மட்டும் எழுதினால் மனு நிற்காது.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் 2014ஆம் ஆண்டு ஆய்வாளர் விதிகளின்படி, தரகு நிறுவனம் அந்தப் பங்கில் 1 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருந்தாலும், முந்தைய 12 மாதங்களில் அந்தப் பங்குக்குரிய நிறுவனத்திடம் பணம் பெற்றிருந்தாலும், அதை அறிக்கையிலேயே சொல்ல வேண்டும். ஆய்வாளர் அறிக்கைக்கு முந்தைய 30 நாளும் பிந்தைய 5 நாளும் அப்பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. மறைத்தார்கள், மீறினார்கள் என்றால் அதுவே புகார். இந்த விவரங்கள் கடைசிப் பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத பொடி எழுத்தில் இருக்கும் என்பதால், முழு அறிக்கையையும் சேமித்து வையுங்கள்.

முதலில் தரகு நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள்; அதற்குச் சான்று இல்லாமல் செபியின் இணையப் புகார் தளமான ஸ்கோர்ஸுக்குப் போவது வீண். புகாருக்கான காரணம் ஏற்பட்டு ஓராண்டு கடந்தாலும் அங்கே ஏற்க மாட்டார்கள். ஸ்கோர்ஸில் பதிவான புகாருக்குத் தரகு நிறுவனம் 21 நாளில் பதில் தர வேண்டும். பதில் பிடிக்காவிட்டால் 15 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். பிரவுசிங் சென்டர்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்தவர்கள் அந்த 15 நாளைக் கோட்டைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். நடவு நேரமென்றால் கேட்கவே வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவில் பங்கு சொல்பவரிடம் ஆய்வாளர்களுக்குச் செபி தரும், ‘ஐஎன்எச்’ (INH) என்று தொடங்கும் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லாதவர் மீது ஸ்கோர்ஸில் முறையிட்டுப் பயனில்லை. பணத்தை ஏமாற்றி வாங்கியிருந்தால் அன்றே இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.