கம்பியைக் கடிக்கும் முயல், கூண்டை நாறடிக்கும் மூத்திரம்

விடிகாலை நாலரை மணிக்குக் கூண்டுக் கம்பியைப் பல்லால் பிடித்து உலுக்குகிறது. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது. துடைத்த மூலை மறுநாளே வெள்ளையாகப் பொரிந்து நாறுகிறது. முயல் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் புகார்கள் இவைதான். முயலுக்குப் பிடிவாதமும் இல்லை, பழிவாங்கும் எண்ணமும் இல்லை. பல், சிறுநீரகம், குடல், கருப்பை என்று ஒவ்வொரு தொல்லைக்குப் பின்னாலும் ஓர் உறுப்பின் வேலை இருக்கிறது. எந்த உறுப்பு என்று தெரிந்தால் எதை மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வீட்டு முயல் இனங்கள் எல்லாம் ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியின் காட்டு முயலிலிருந்து வந்தவை. அது மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். பகலில் பெரும்பாலும் படுத்திருக்கும். விடியலிலும் அந்தியிலும் வெளியே வந்து மேய்ந்து, ஓடிக் குதிக்கும். பல தலைமுறையாகக் கூண்டில் பிறந்தும் இந்தக் கடிகாரம் மாறவில்லை. நாம் தூங்கும் விடிகாலையில்தான் அதன் கால்களுக்கு அதிக வேலை தேவைப்படுகிறது. கடையில் விற்கும் இரண்டடிக்கு ஒன்றரை அடிக் கூண்டில் ஒரு தாவல்கூட முழுதாகத் தாவ முடியாது. பிரிட்டனின் முயல் நல அமைப்பு ஒரு ஜோடி முயலுக்குப் பரிந்துரைக்கும் இடம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். அடுக்குமாடி வீட்டில் அவ்வளவு இடத்தை நிரந்தரமாக ஒதுக்குவது கடினம்தான். கூண்டைப் படுக்கும் இடமாக மட்டும் வைத்து, கதவைத் திறந்து அதைச் சுற்றி மடக்குக் கம்பி வேலி போட்டால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும்.

கம்பி கடிப்பதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பல் வளர்கிறது, அதைத் தேய்க்கத்தான் கம்பியைக் கடிக்கிறது என்பார்கள். பல் வளர்வது உண்மை. முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்பவை. மேல் வெட்டுப்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். ஆனால் பற்கள் தேய வேண்டியது ஒன்றோடு ஒன்று உரசித்தான், இரும்பில் அல்ல. நார் மிகுந்த புல்லை மெல்லும்போது கீழ்த்தாடை பக்கவாட்டில் அரைக்கிறது. அந்த அரைப்பில்தான் கடைவாய்ப் பற்கள் சமமாகத் தேய்கின்றன. கம்பியை இழுத்து உலுக்கினால் வெட்டுப்பல் உடையலாம். வேரில் அழுத்தம் விழுந்து கோணலாக வளரத் தொடங்கலாம். மேலும் கீழும் பொருந்தாத பல் தேயாமல் வளைந்து வளர்ந்து ஈறைக் குத்தும். பிறகு முயல் தின்னவே முடியாது.

ஆகவே உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும். தினமும் முயலின் உடல் அளவுக்கு ஒரு குவியல் என்பது எளிய கணக்கு. இறக்குமதியாகும் திமோத்தி புல்தான் வேண்டும் என்றில்லை. பூச்சிமருந்து அடிக்காத இடத்தின் அருகம்புல், கொழுக்கட்டைப்புல் நன்றாகவே பயன்படும். காயவைத்து வைப்பதானால் நிழலில் பரப்பி, மொறமொறவென்று ஆகும்வரை புரட்டிவிடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணப் புல்லைக் குப்பையில்தான் போட வேண்டும். நெல் வைக்கோலில் சத்து மிகக் குறைவு, விரிப்புக்கு மட்டும் போதும். கடையில் குருணையாக விற்கும் பெல்லட் தீவனம் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம். கிண்ணம் நிறையப் பெல்லட் கொடுத்தால் பத்து நிமிடத்தில் வயிறு நிறைந்துவிடும். காட்டில் மணிக்கணக்காக மேய்ந்திருக்க வேண்டிய வாய்க்கு மிச்ச நேரத்தில் கிடைப்பது கம்பிதான்.

கடிக்கக் கொய்யாக் குச்சி, மூங்கில் துண்டு, மை அச்சிடாத அட்டைப்பெட்டி கொடுக்கலாம். அரளி, எருக்கு, உண்ணிச்செடி, மணிபிளாண்ட் எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

இன்னொரு காரணத்தை நாமே உண்டாக்குகிறோம். கம்பிச் சத்தம் தாங்காமல் எழுந்து ஒரு துண்டு கேரட் போட்டால், கம்பியை ஆட்டினால் கேரட் வரும் என்று முயல் இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும். அதை நிறுத்தினால் முதல் சில நாள் சத்தம் குறையாது, கூடும். அந்த நாட்களில் மனம் இளகி மறுபடி கொடுத்துவிட்டால், இன்னும் பலமாக ஆட்ட வேண்டும் என்றுதான் அது புரிந்துகொள்ளும். புல்லை இரவு படுக்கும் முன் நிரப்பிவையுங்கள். காலை உணவை ஒரே நேரத்தில், கம்பி அமைதியாக இருக்கும்போது கொடுங்கள். காலையிலும் மாலையிலும் இரண்டு மணி நேரமாவது வெளியே விடுங்கள்.

அடுத்தது மூத்திரம். மற்றப் பாலூட்டிகள் பெரும்பாலானவற்றின் குடல் உடம்புக்குத் தேவையான அளவு கால்சியத்தை மட்டும் உறிஞ்சும். முயலின் குடல் தீவனத்தில் உள்ளதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். வேண்டாத மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியேற்றும். அந்த மூத்திரம் காரத்தன்மை உடையது. அதனால் கால்சியம் கார்பனேட் துகளாகப் படிந்து பால் கலந்ததுபோலத் தெரியும். மூலையில் பொரியும் வெள்ளைப் படிவு இதுதான். சோப்புத்தூளால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வெள்ளை வினிகரைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றி 20 நிமிடம் விடுங்கள். நுரைத்துக்கொண்டு கரையும். அசிட்டிக் அமிலம் கார்பனேட்டைக் கரைத்துக் கரியமில வாயுவை வெளியேற்றுவதுதான் அந்த நுரை. நாற்றத்துக்கும் இதுவே மருந்து. மூத்திரத்தில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் அமோனியாவாக உடைக்கின்றன. அமிலம் அதை ஆவியாகாத உப்பாகக் கட்டிப்போடுகிறது. வினிகரோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். அமோனியா நம் மூக்குக்கு எரிச்சலாகத் தெரியும்போதே, தரையோடு மூக்கை வைத்துத் தூங்கும் முயலின் சுவாசக்குழாய் அதைவிட அதிகம் பாதிக்கப்பட்டிருக்கும்.

மூத்திரம் சில நாள் ஆரஞ்சாகவோ செம்பழுப்பாகவோ இருந்தால் பெரும்பாலும் அது நிறமிதான். சீரான நிறத்துக்குப் பதிலாகச் சிவப்புத் திட்டுகளோ கட்டியோ தெரிந்தால் ரத்தம், மருத்துவரிடம் போக வேண்டும். குதிரைமசால் என்னும் தீவனப்பயிரில் கால்சியம் அதிகம். வளர்ந்த முயலுக்குத் தினமும் போட்டால் மூத்திரப்பையில் சேறுபோல் படியும்.

மூத்திரமும் புழுக்கையும் ஒரு தட்டிலேயே போக முயலைப் பழக்குவது பலர் நினைப்பதைவிட எளிது. அது தானாகவே ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து அங்கேதான் போகும். தின்றுகொண்டே புழுக்கை போடும். இந்த இரண்டு பழக்கத்தையும் சேர்த்துப் பிடித்தால் போதும். சுமார் 45க்கு 35 சென்டிமீட்டர் அளவுள்ள தட்டு வேண்டும். கடையில் விற்கும் முக்கோண மூலைத் தட்டில் முயல் முழு உடம்பையும் திருப்ப முடியாது. பின்பாகம் வெளியே தொங்கும், மூத்திரம் தரையில் விழும். தட்டின் அடியில் காகிதக் குருணையோ பல மடிப்புச் செய்தித்தாளோ 2, 3 சென்டிமீட்டர் பரப்பி, மேலே வைக்கோல் போடுங்கள். முயல் தேர்ந்தெடுத்த மூலையிலேயே வைத்து, தின்னும் புல்லைத் தட்டின் ஒரு முனையிலேயே குவியுங்கள். வெளியே கிடக்கும் புழுக்கையையும் நனைந்த காகிதத் துண்டு ஒன்றையும் தட்டுக்குள் போடுங்கள். வெளியில் நனைந்த இடத்தை வினிகரால் துடையுங்கள். ஒரு வாரம் சிறிய இடத்திலேயே வைத்திருந்து, தட்டு பழகியபின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விரியுங்கள். முதல் நாளே கூடம் முழுக்கத் திறந்துவிடுவதுதான் பெரும்பாலோர் தோற்கும் இடம். நம் ஊர் வெயிலில் தட்டை ஒருநாள் விட்டு ஒருநாளாவது மாற்ற வேண்டும். மாற்றும்போது ஒரு கைப்பிடி பழைய விரிப்பை விட்டுவையுங்கள். அந்த வாசனைதான் அதற்கு வழிகாட்டி.

பூனைக்கு விற்கும் கட்டிபிடிக்கும் மண் கூடாது. முயல் அதைத் தின்றால் குடலில் ஊதி அடைத்துக்கொள்ளும். தேவதாரு, பைன் சீவலின் வாசனைப் பொருட்கள் ஈரலைப் பாதிக்கும். மரத்தூள் மூக்கில் ஏறும்.

வளர்ந்த முயல் நாளுக்கு 200 முதல் 300 உருண்டைப் புழுக்கை போடும். இதில் தட்டுக்கு வெளியே நாலைந்து விழுவது இயல்பு. அது தவிர, திராட்சைக் கொத்துப்போல் பளபளவென்று மிருதுவான இன்னொரு வகை உண்டு. பெருங்குடல் தொடக்கத்தில் உள்ள பெரிய பையில் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்த, புரதமும் பி வைட்டமின்களும் நிறைந்த பொருள் அது. முயல் அதை ஆசனவாயிலிருந்து நேரடியாக வாயில் எடுத்து விழுங்கும். இதைத் தடுக்கக் கூடாது. அது தரையில் அப்பிக் கிடந்தாலோ பின்புறத்தில் ஒட்டினாலோ, பெல்லட்டும் பழமும் அதிகம், அல்லது உடம்பு பெருத்தோ மூட்டு வலித்தோ குனிய முடியவில்லை என்று பொருள். அழுக்கு ஒட்டிய தோலில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வந்து தோலைத் துளைக்கும். கோடையில் தினமும் இருவேளை வாலடியைப் பார்ப்பது அவசியம்.

ஐந்தாறு மாதத்தில் திடீரென்று எல்லாப் பழக்கமும் கெட்டுப்போகிறது என்றால் அது பருவம். ஆண் முயல் சுவரிலும் நம் காலிலும் மூத்திரம் பீய்ச்சும், எல்லை குறிக்கப் புழுக்கையைச் சிதறவிடும். பெண் முயல் மூலை மூலையாகத் தோண்டும், கூண்டுக்குள் கை விட்டால் பாயும். சில சமயம் ஆண் துணையே இல்லாமல் பொய்க்கர்ப்பம் வந்து, வாய் நிறையப் புல்லைச் சுமந்து, தொண்டை மடிப்பு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும். இது 16 முதல் 18 நாளில் தணியும். அதுவரை கூட்டைக் கலைத்தால் மறுபடி முடி பிடுங்கும். நிரந்தரத் தீர்வு கருத்தடை அறுவை. ஆணுக்கு நான்கு மாதத்திலும் பெண்ணுக்கு ஆறு மாதத்திலும் செய்யலாம். கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு நாலு வயதுக்கு மேல் கருப்பைப் புற்று மிகச் சாதாரணம் என்பதால், தோண்டும் தொல்லை இல்லாவிட்டாலும் இதைச் செய்யவே வேண்டும். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அறுவைக்கு முன் முயலைப் பட்டினி போடச் சொன்னால் வேறு மருத்துவரைத் தேடுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி போட்டால் குடல் நின்றுவிடும்.

தோண்டும் ஆசை அறுவைக்குப் பிறகும் கொஞ்சம் மிஞ்சும். 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள பெட்டியில் மண்ணையோ கிழித்த காகிதத்தையோ நிரப்பி, அடியில் இரண்டு முருங்கை இலைக்கொத்தைப் புதைத்துக் கொடுங்கள். கிண்ணத்தைக் கவிழ்த்தால் கனமான மண்சட்டியோ கம்பியில் மாட்டும் கிண்ணமோ போதும். மின்கம்பிகளைப் பிவிசி குழாய்க்குள் விடுங்கள்.

எதற்கும் அடிக்கவோ கழுத்தைப் பிடித்துத் தூக்கவோ கூடாது. பயந்த முயல் பின்னங்காலை உதைத்துத் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்காகத் தட்டில் போன முயல் ஒருநாள் அதைவிட்டு வெளியே போகத் தொடங்கினால் பழக்கம் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். மூத்திரப்பையில் சேறோ கல்லோ, வயதானால் மூட்டுவாதமோ காரணமாகலாம். தட்டின் ஒரு பக்க விளிம்பை 5 சென்டிமீட்டருக்குத் தாழ வெட்டிப் பாருங்கள். அப்படியும் ஏறத் தயங்கினால், அல்லது பன்னிரண்டு மணி நேரமாகத் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.